ஒரு கரண்டி கூடுதல்

"கையெழுத்து எப்ப போடுவீங்க தங்கச்சி?"

பினாங்கில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் கமால் அண்ணன். விமான நிலைய வாசலில் என் பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார். "பசியாறிட்டீங்களா?" என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து "இன்னும் இல்லீங்கண்ணா" என்றேன்.

கமால் அண்ணனுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. சோற்றின்மேல் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றித் தருகிற கடை. அந்தக் கலவைக் குழம்பைப் பாக்கெட்டில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை தொடங்கியிருக்கிறார். அங்கே நிற்கிற ரிட்டார்ட் எந்திரம் கோயம்புத்தூரில் நாங்கள் செய்து அனுப்பியது. அறை அளவுக்குப் பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் ஒட்டிய பாக்கெட்டுகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி உள்ளே தள்ளி, நூற்று இருபத்தோரு டிகிரியில் குறித்த நேரம் வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும். அதன்பிறகு ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது.

ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டின் நடு வயிறும் அந்தச் சூட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தது என்று சோதித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. பெர்த் நகரக் கடைகளுக்குப் போகிற முதல் கண்டெய்னர் சனிக்கிழமை புறப்பட வேண்டும். நான் வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை.

அன்று சாயங்காலம் அண்ணன் கடையிலேயே சாப்பாடு. தட்டை நீட்டி "கொஞ்சமா ஊத்துங்க" என்றேன். கரண்டிக்காரருக்கு அந்தச் சொல் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, கணவாய் என்று வரிசையாக விழுந்தது. சோறு எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. இதற்கு இங்கே 'பாஞ்சிர்' என்று பெயர், வெள்ளம் என்று அர்த்தம். பக்கத்து மேசைப் பெரியவர் தன் தட்டைக் காட்டி மலாயில் ஏதோ முறையிட்டார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "சோறு இன்னும் அங்கங்க வெள்ளையாத் தெரியுதாம்லா" என்றார் கமால் அண்ணன், முகம் நிறைந்த சிரிப்போடு. எங்கள் ஊர் ஓட்டலில் மூன்றாவது தரம் சாம்பார் கேட்டால் முதலில் ஒரு பார்வை வரும், அப்புறம்தான் சாம்பார் வரும். நான் வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் லிட்டில் இந்தியா விடுதியிலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். மல்லிகைப்பூ, ஊதுவத்தி, ஜவுளிக்கடைப் பாட்டு. பாதித் தூரம் எங்கள் ஊர் உக்கடம் மாதிரிதான் இருந்தது. படகுத்துறைக் கதவுதான் வெளிநாட்டை ஞாபகப்படுத்தியது. கார்டைத் தட்டினால்தான் திறக்குமாம். என்னிடம் இருந்தது புத்தம்புது நோட்டு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு சீனப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, தன் கார்டைத் தட்டி என்னை உள்ளே தள்ளிவிட்டார். நோட்டை நீட்டினேன். "வேலைக்குப் போறியா? போ, லேட் ஆகும்" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். அப்படி ஓர் அதட்டல் வாங்கினால் அன்றைய நாள் நன்றாகத்தான் போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

தொழிற்சாலையில் என்னை வரவேற்றது பரமேஸ்வரி அக்கா. எல்லாருக்கும் பரமு அக்கா. இருபது வருஷம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து, இங்கே வந்து பாக்கெட் நிரப்பும் பகுதியைக் கவனித்துக்கொள்கிறார். தலையுறை, முகமூடி, கையுறை எல்லாம் கொடுத்து, கண்ணாடியில் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு முடி வெளிய தெரியுது மிஸ்" என்று தானே உள்ளே தள்ளிவிட்டார். பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

சமையல் பக்கம் மொக்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையில் குழம்பு சமைத்து ஊற்றிக்கொண்டிருந்தவரை, இந்த ருசி இவர் கைக்கு மட்டும்தான் வரும் என்று கமால் அண்ணன் இங்கே கூட்டிவந்துவிட்டார். கோயம்புத்தூரில் என்றால் 'பாய்' என்றிருப்பேன். இங்கே எல்லாரும் அண்ணே என்கிறார்கள், நானும் அப்படியே.

கிடங்கைத் திறந்ததும்தான் எனக்குச் சூடு ஏறியது. நான் வருவதற்கு முன்பே மூன்று லோடு ஓட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"சோதனை முடியறதுக்கு முன்னாடி எப்படீங்கண்ணா ஓட்டுனீங்க?"

"நீங்க அனுப்புன டைம்தான் தங்கச்சி. நீங்க சொன்ன டெம்பரேச்சர்தான். எல்லாம் உங்க கணக்கு" என்றார் கமால் அண்ணன். "சனிக்கெழமைக்கு வேற எப்படி ரெடி பண்றது?"

பேசி நேரத்தைக் கரைக்காமல் வேலையை ஆரம்பித்தேன். குழம்பு நிரப்புகிற பம்பு வாயிலிருந்து நானே பன்னிரண்டு பாக்கெட்டுகளில் குழம்பு பிடித்தேன். ஒவ்வொன்றும் முந்நூறு கிராம். நடுவில் சூடு பார்க்கிற சென்சார் செருகி, தட்டுகளில் அங்கங்கே வைத்து ஓட்டினேன். திரையில் பன்னிரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேலே போய்ச் சமமாக நின்றன. கமால் அண்ணன் என் பேனாவைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவை இதே மாதிரி வரணுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை.

அன்று, உண்மை நிலவரம் தெரியட்டும் என்று, லைனில் ஓடி வருகிற பாக்கெட்டுகளிலேயே சென்சாரைப் பொருத்தச் சொன்னேன். எட்டுக் கோடுகள் ஒழுங்காக ஏறின. நான்கு பின்தங்கிவிட்டன. ஒன்று நூற்றுப் பதினாலைத் தாண்டவே இல்லை. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை மூன்று பின்தங்கின. கமால் அண்ணனுக்கு முகம் மாறியது.

"இந்தியா சாமான்லா" என்று யாரோ பின்னால் மலாயில் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த எந்திரத்தின் ஒவ்வொரு பற்றவைப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கோபம் வந்தது, ஆனால் கோபத்தைக் காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரத்தைத் தேடிப் பிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

புதன்கிழமை அடைமழை. படகிலிருந்து இறங்கி வாடகைக் காரில் ஏறினால், ஓட்டுநர் என்னைக் கொண்டுபோய் இறக்கியது கையுறை செய்கிற தொழிற்சாலை வாசலில். இரண்டுக்கும் ஒரே நீலக் கூரை. அங்கிருந்த நேபாளக் காவலாளி என் நிலையைப் பார்த்து, தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்து, அடுத்த தெருவைக் காட்டினார். கோயம்புத்தூரில் வழி கேட்டால் வழி கிடைக்கும், இங்கே மழைக்கோட்டும் கிடைக்கிறது. நனைந்த செருப்போடு போய் நேராக ரிட்டார்ட்டுக்குள் நுழைந்தேன். சொல்லப்போனால் தவழ்ந்தேன். சுடுதண்ணீர் பீய்ச்சுகிற குழாய்முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். அடைப்பு இல்லை. தண்ணீர்ப் பம்பு சரி. வால்வு சரி. நீராவி அழுத்தம் சரி. வெளியே வந்தபோது பரமு அக்கா ஒரு தே தாரேக் டீயும் இரண்டு ரொட்டி சனாயும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மொதல்ல சாப்டுங்க தங்கச்சி. மெஷின் எங்கயும் ஓடிப் போகாது." மிஸ் எப்போது தங்கச்சியானாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இரண்டு நாள் தாள்களையும் விரித்தேன். பின்தங்கிய பாக்கெட்டுகள் எந்தத் தட்டில், எந்த மூலையில் இருந்தன என்று குறித்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டத்தில் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும். அடுத்த ஓட்டத்தில் நடுத் தட்டில். எந்திரத்தில் கோளாறு என்றால் ஒரே மூலைதானே ஒவ்வொரு முறையும் சூடேறாமல் இருக்கும்? இடம் மாறுகிறது என்றால் கோளாறு எந்திரத்தில் இல்லை, பாக்கெட்டோடு சேர்ந்து உள்ளே போகிறது. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பின்தங்கிய ஏழு பாக்கெட்டுகளையும் தராசில் வைத்தேன். முந்நூற்று நாற்பது, முந்நூற்று முப்பத்தைந்து, முந்நூற்று ஐம்பது. ஏழும் குண்டு. தட்டையாகக் கிடக்க வேண்டியவை தலையணை போல உப்பியிருந்தன. இந்தக் குழம்பு கெட்டி. அதில் சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஊர்ந்துதான் போகும். பாக்கெட்டின் தடிமன் கொஞ்சம் கூடினாலே நேரம் ரொம்பக் கூடிவிடும். சரி, கூடுதல் குழம்பு எங்கிருந்து வந்தது? நிரப்பும் பம்பை இருபது தடவை அமுக்கி எடை பார்த்தேன். இருபது தடவையும் அதே முந்நூறு.

வியாழக்கிழமை காலையில் ரிட்டார்ட் பக்கமே போகவில்லை. நிரப்பும் அறைக்குள் போய், பம்புக்கும் பாக்கெட் வாய் ஒட்டுகிற எந்திரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த இடைவெளி மொத்தமே இரண்டு மீட்டர். அங்கே மொக்தார் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பானை, கையில் கரண்டி. பாக்கெட்டுகள் வாயைத் திறந்துகொண்டு நகர்ந்து வந்தன. நாலைந்தை விட்டுவிட்டார். ஆறாவதை எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பானையிலிருந்து ஒரு கரண்டி மொண்டு ஊற்றினார். கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"அண்ணே, இப்ப என்ன பண்ணுனீங்க?"

"எது? இதுவா?" அவரிடம் ஒளிவுமறைவே இல்லை. "கொழம்பு கம்மியாத் தெரிஞ்சுச்சு, ஊத்துனேன். வாங்குறவன் நம்மள கெடெக்குட்னு சொல்லக்கூடாதுல்ல?"

கெடெக்குட் என்றால் கஞ்சன். இந்த ஊரில் ஒரு குழம்புக்காரரைச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது என்று பரமு அக்கா அப்புறம் விளக்கினார்.

"தெனமும் ஊத்துவீங்களா?"

"பாத்து ஊத்துவேன். எல்லாத்துக்கும் இல்ல. கண்ணு சொல்லும்."

வரிசைக் கடைசியில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. எடை குறைந்தாலும் கூடினாலும் பாக்கெட்டைத் தள்ளிவிட வேண்டியது அதன் வேலை. திரையைத் திறந்து பார்த்தேன். கீழ் எல்லை இருந்தது. மேல் எல்லையை அணைத்து வைத்திருந்தார்கள்.

கமால் அண்ணனை அழைத்தேன். "நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்" என்றார். "ச்சும்மா ச்சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு. கொறஞ்சா கஸ்டமர் கம்ப்ளெய்ன் பண்ணுவான். கூடுனா எவன் கம்ப்ளெய்ன் பண்ணுவான்? கூடக் குடுக்குறது ஒரு தப்பா தங்கச்சி?"

"கடையில தப்பு இல்லீங்கண்ணா. இங்க தப்பு."

அவரை உட்கார வைத்துச் சொன்னேன். காற்றுப் புகாத பாக்கெட்டுக்குள் வளர்கிற கிருமி ஒன்று உண்டு. சூடு போதவில்லை என்றால் அது பிழைத்துக்கொள்ளும், மெல்ல நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சுக்கு வாசனை இல்லை, ருசி இல்லை. பாக்கெட் உப்பியும் காட்டாமல் போகலாம். சாப்பிடுகிறவருக்கு மூச்சே நின்றுபோகும். அந்தக் கிருமி பிழைத்துக்கொள்கிற பாக்கெட், ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றியதுதான். மொக்தார் கரண்டியைப் பானைக்குள் மெதுவாக வைத்தார்.

"செஞ்சு வச்ச மூணு லோடு?" என்றார் கமால் அண்ணன் கடைசியில்.

"அதுல எது எதுல ஊத்துனீங்கன்னு தெரியாது. அப்படியே அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இன்னொரு தடவ வேக வச்சுப் பாப்போமா?"

பத்துப் பாக்கெட்டுகளை இரட்டை நேரம் வைத்துப் பார்த்தோம். அறுத்து ஊற்றியபோது குழம்பு கறுத்திருந்தது. மொக்தார் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து என் முதலாளி கூப்பிட்டார். கமால் அண்ணன் பேசியிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. "கொஞ்சம் அனுசரிச்சு முடிச்சுக் குடும்மா, புது கஸ்டமர்" என்றார். "சார், அனுசரிக்கிறதுன்னா நீங்களே ப்ளைட் ஏறி வந்து கையெழுத்துப் போடுங்க. நான் பேனாவைத் தர்றேன்" என்றேன். பதினாறு வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. "சரிம்மா, நீயே பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். திரும்பும் படகில் கமால் அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து வந்தார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் எடை போடுவது என்று தீர்மானித்தேன். நேரக் கணக்கில் பத்து கிராம் வரை இடம் உண்டு; முந்நூற்றுப் பத்துக்குள் இருப்பது தேறும், அதற்கு மேல் ஒரு கிராம் என்றாலும் போகும். தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தால், பரமு அக்கா எனக்கு முன்னே வந்து மேசைகளை ஒட்டிப்போட்டு, பச்சை நாடா, சிவப்பு நாடா ஒட்டி, நான்கு தராசுகளை வைத்துவிட்டிருந்தார். "எங்க பழைய கம்பெனியில ஒரு சிப்பு கெட்டுப்போனா லாட்டையே பிரிச்சுடுவோம். இதுக்கா பயப்படுறது?" என்றார். அவர் பகுதியில் வேலை செய்கிற பெண்கள் எட்டுப் பேரும் தராசுகள் முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சு எல்லாம் பிள்ளைகளின் பரீட்சை, கோயில் திருவிழா, யாருடைய மாமியார் என்ன சொன்னார். கை மட்டும் நிற்கவில்லை.

மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போன மொக்தார் திரும்பி வந்து, யாரும் கூப்பிடாமலே சிவப்பு மேசையில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். எடை கூடிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பீப்பாயில் கவிழ்த்தார். தான் சமைத்ததை, தன் கையால். இஞ்சி, சோம்பு, மல்லி என்று அறை முழுக்க வாசனை எழும்பியது. கமால் அண்ணன் கதவருகே வந்து பார்த்தார். "சாப்பாட்டக் கொட்டுறது…" என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொல்லித்தான் இத்தனை குழம்பும் கொட்டப்படுகிறது. சொன்னது சரி என்று தெரிந்தும் அது வலித்தது.

"தங்கச்சி" என்றார் மொக்தார், தலை நிமிராமல். "பாக்கெட் அகலமா இருந்தா? அப்ப கூட ஊத்தலாமா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அகலமான பாக்கெட் என்றால் குழம்பு பரவிக்கொள்ளும், தடிமன் ஏறாது. "ஊத்தலாங்கண்ணா. ஆனா எல்லா சோதனையும் மறுபடி முதல்ல இருந்து செய்யணும்."

"செய்ங்க. மறுபடி வாங்க. நாங்க எங்கயும் போகல" என்று அடுத்த பாக்கெட்டை அறுத்தார்.

மூன்றில் ஒரு பங்கு பீப்பாய்க்குப் போனது. அன்று மாலையும் சனிக்கிழமை காலையும், கரண்டி படாத பாக்கெட்டுகளை லைனிலிருந்து எடுத்து ஓட்டினேன். இரண்டு தடவையும் பன்னிரண்டு கோடுகள், ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. பச்சை மேசையில் தேறிய சரக்குக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன். கண்டெய்னரில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கமால் அண்ணன் கதவைத் தானே இழுத்துப் பூட்டினார்.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வேலை மிச்சம். எடை மெஷினில் மேல் எல்லையை முந்நூற்றுப் பத்தில் வைத்தேன். இனி யாரும் அணைக்க முடியாதபடி நான்கு எண்களில் ஒரு பூட்டு போட வேண்டும். பரமு அக்காவும் கமால் அண்ணனும் பக்கத்தில் நின்றார்கள்.

"நம்பர் உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றேன். "அண்ணா, குறிச்சுக்கிறீங்களா?"

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, திரும்ப வைத்துவிட்டார்.

"எனக்கு வேணாம் தங்கச்சி. பரமுவுக்கு மட்டும் சொல்லுங்க."

"முதலாளி நீங்கதானுங்களே?"

"அதனாலதான் சொல்றேன். நோம்பு மாசம் வரும், ஆர்டர் குவியும். எவனாச்சும் ஒருத்தன் போனப் போட்டு, என்னண்ணே, கொழம்பு கம்மியா இருக்குன்னு சொல்லுவான். எனக்கு அது தாங்காது. நேரா வந்து தொறந்துருவேன். என்னைய எனக்குத் தெரியும்லா."

சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பரமு அக்கா காதில் நான்கு எண்களைச் சொன்னேன். அக்கா எதிலும் எழுதிக்கொள்ளாமல், உதட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, திரையில் ஒவ்வொன்றாக அமுக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தன் சொந்தத் தொழிற்சாலையின் கதவுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கமால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.